மகளுக்கு ஒரு பத்தி

உயில் எழுதுங்கள் என்று சொல்லாதவர் இன்று யாருமில்லை. வங்கிக்காரர் சொல்கிறார், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சொல்கிறார், யூடியூபில் கறுப்புக் கோட்டுப் போட்ட தம்பி ஒருவர் தினமும் ஒரு நிமிடம் சொல்கிறார். போன ஆவணியில் கோபியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதற்கென்றே கூட்டம் போட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பேசியவர் நன்றாகவே பேசினார். உயில் இருந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வராது, கோர்ட்டுப் படி ஏற வேண்டாம், குடும்பம் குடும்பமாகவே இருக்கும் என்பதுதான் சாரம். கைதட்டல் அடங்கியதும் கேள்வி நேரம். முதல் கேள்வி: "பொண்ணுக்கு ஒண்ணுமில்லீன்னு எழுதுனாச் செல்லுங்களா?" சொத்து சுயார்ஜிதமாக, அதாவது சொந்தச் சம்பாத்தியமாக இருந்தால் தாராளமாகச் செல்லும் என்றார் பேச்சாளர். இரண்டாவது ஆள் எழுந்து அதையே வேறு மாதிரி கேட்டார். மூன்றாவது ஆள் எழவில்லை. அவருக்கு வேண்டிய பதில் ஏற்கெனவே கிடைத்திருக்கும்.

உயிலின் நல்லதை மறுக்க நான் வரவில்லை. பிள்ளையில்லாத தம்பதிக்கும், மறுமணம் செய்துகொண்டவருக்கும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்துக்கொண்டு நமக்குப் பிறகு யார் என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவருக்கும் உயிலைவிட நல்ல வழி இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை. மனசு மாறினால் வேறு எழுதலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு மகன் வீட்டு வாசலில் நின்றவர்களைப் பார்த்த ஊர் இது. அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் 2007-இல் மூத்த குடிமக்கள் சட்டம் கொண்டுவந்து, எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய அதில் 23-ஆம் பிரிவு என்று ஒன்றை வைக்க வேண்டியிருந்தது. உயிலில் அந்தத் தொல்லை இல்லை. நாமினி போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் உயில் ஒரு மருந்துதான். நாமினி வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் வாரிசுதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில்கூட மறுபடி சொல்ல வேண்டி வந்தது. இவ்வளவும் சரி.

என் வழக்கு வேறு. இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது என்பதும் தெரியும். கொங்கு நாட்டில் உயில் எழுதப்படுவது சண்டையைத் தவிர்க்க அன்று. மகளுக்குச் சட்டம் கொடுத்ததை மகனிடம் திருப்பிக் கொடுக்க.

என் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் உயிலின் வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு நாள் கொண்டுவந்தார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வயலும், மேட்டில் தென்னந்தோப்புமாக நாலு ஏக்கர். பத்திர எழுத்தரிடம் அடித்து வாங்கியது. பிறர் தூண்டுதல் இல்லாமல், நல்ல திடமனதுடன் எழுதியது என்ற வழக்கமான ஆரம்பம். நான்கெல்லை. கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டார், இ.பி. சர்வீஸில் பாகம், மாமூல் வண்டித்தட பாத்தியம். ஒரு பக்கம் முழுக்கப் பூமிக்கு. அப்புறம் மகளுக்கு என்று ஒரு பத்தி: திருமணத்தின்போதே நகை போட்டுச் சீர்வரிசை செய்து நல்லபடியாகக் கட்டிக்கொடுத்துவிட்டபடியால் மேற்படி சொத்துகளில் அவளுக்கு எதுவும் ஒதுக்கவில்லை. நகை என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "பவுன் எத்தனைன்னு நாமதா சொல்லோணுமாமுங்க, சொன்னா அங்க போட்டுக்குவாங்களாமா" என்றார். அதாவது பத்தி ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. வருகிறவரின் மகள் பெயரும் பவுனும் மட்டும்தான் மாறும். தென்னை மரத்தின் எண்ணிக்கையைக்கூட ஆள் வைத்து எண்ணி எழுதியவர்கள், பெற்ற பெண்ணுக்கு அச்சடித்த பத்தியைப் போதும் என்று விட்டிருந்தார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்ற தீர்மானம் 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் நிறைவேறியது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஈரோட்டுக்காரர், நம் ஜில்லாக்காரர். அறுபது வருடம் கழித்து, 1989 மார்ச் 25 முதல், கருணாநிதி ஆட்சியின் திருத்தச் சட்டத்தால் தமிழ்நாட்டில் மகளும் மகனைப் போலப் பிறந்தபோதே பூர்வீகச் சொத்தில் பங்காளியானாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை. அவள் மத்திய அரசின் திருத்தம் வந்த 2005 செப்டம்பர் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்று கேட்டுப் பதினைந்து வருடம் இழுத்தார்கள். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தேவையில்லை என்று முடித்தது. 2022 ஜனவரியில் அருணாச்சலக் கவுண்டர் வழக்கு. 1938-இல் கோர்ட்டு ஏலத்தில் ஒருவர் தம் கைக்காசைப் போட்டு எடுத்த பூமி, அவருடைய ஒரே மகளுக்கா, தம்பியின் மகனுக்கா என்பதுதான் சண்டை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்திய காலத்திலும் சுயார்ஜிதம் மகளுக்கே என்றது தீர்ப்பு. கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் மறுத்ததை, மகள் செத்து ஐம்பத்தைந்து வருடம் ஆன பிறகு அவள் பெயருக்குக் கொடுத்தார்கள்.

சட்டம் ஒவ்வொரு படி ஏறும்போதும் நம் பக்கம் அதற்கேற்ற காகிதம் ஒன்றைக் கண்டுபிடித்தது. முதலில் விடுதலைப் பத்திரம். பிறகு உயில்.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி எனக்கு நேரில் தெரியும். என் அக்காவுக்குக் கல்யாணம் 1991-இல். தேதியைக் கவனியுங்கள், சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, அக்கா சட்டப்படி பங்காளி. 1996-இல் பாகம் பிரிக்கும்போது ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொன்னோம், வந்தார். வெளியில் மரத்தடி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போய், "எங்க போடோணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது ஜவுளிக்கடையில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தோம். அந்தப் பாகத்தில்தான் என் வீடு நிற்கிறது. இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது யோக்கியமாக இராது.

ஆனாலும் அந்தப் பத்திரத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. அக்கா வர வேண்டியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு பெஞ்சும் ஒரு மணி நேரமும் இருந்தன. சார்பதிவாளர் முன்னால் பெருவிரலை வைக்கும்வரை பூமி எங்களுடையது ஆகவில்லை. சில குடும்பங்களில் பெண் வரவில்லை. அப்போது அண்ணன் நாலு நடை நடந்தார், சின்னதாக ஒரு தொகை பேசினார்கள், பேரம் நடந்தது. பேரம் நடக்கிறது என்றால் எதிரில் இருப்பவரிடம் ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? உயிலுக்கு அது எதுவும் வேண்டியதில்லை. அவள் கையெழுத்து வேண்டாம், சம்மதம் வேண்டாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம். பீரோவில் துணிக்கடியில் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு எடுத்து வாசிப்பார்கள். கேள்வி கேட்க நினைத்தால், கேட்க வேண்டிய ஆள் போய்விட்டார். மகளின் முகத்தைப் பார்க்காமல் மகளை நீக்கும் வசதியைத்தான் கல்யாண மண்டபத்தில் சமாதானம் என்று சொன்னார்கள்.

பவுன் கணக்குக்கு வருகிறேன், எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு நகை போட்டிருந்தால் அது வரதட்சணை, 1961 முதல் குற்றம். கேட்காமல் ஆசையாகப் போட்டிருந்தால் அன்பளிப்பு. அன்பளிப்பைப் பிற்பாடு பங்கில் கழிக்க முடியாது, வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு கழித்தலே இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தப் பத்தியின் நியாயம் நிற்காது. பையனுக்கு என்ஜினீயரிங் கல்லூரிக்குக் கட்டிய பணத்தையும், போர் போட்டுத் தண்ணீர் வராமல் போன மூன்று குழிகளையும், அவன் ஆரம்பித்து மூடிய பவர்லூம் ஷெட்டையும் எந்த உயிலாவது கழித்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை. பவுன் விலை ஏறியிருக்கிறதே என்பார்கள். ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. அவளிடம் அது இருந்தால் அல்லவா ஏறுவதற்கு? புகுந்த வீட்டில் மஞ்சள் விலை விழுந்த வருடம் கூட்டுறவு வங்கிக்குப் போன வளையல் எத்தனை திரும்பி வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. பூமி துண்டு துண்டாகிவிடும், வாய்க்கால் முறையும் கிணற்றுப் பங்கும் அந்நியர் கைக்குப் போய்விடும் என்பது. விவசாயிக்கு இது வெறும் சாக்கில்லை. அரை ஏக்கருக்கு ஒரு சர்வீஸ் வாங்க முடியாது, வரப்புத் தகராறு தலைமுறைக்கும் போகும். ஆனால் மூன்று மகன்கள் இருக்கிற வீட்டில் இந்தக் கவலை ஏன் வருவதில்லை? கிணற்றில் எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று பாகம் பிரித்து, வாரத்தில் அரை நாள் தண்ணீர் முறை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் எல்லாம் பங்காளிகள்தானே, மருமகன்கள் யாரும் இல்லையே? பூமியை உடைக்காமலும் பங்கு கொடுக்கலாம். மதிப்புப் போட்டு, மகன் தவணையில் ரொக்கமாகக் கொடுக்கட்டும் என்று உயிலிலேயே எழுதலாம். குத்தகை வருமானத்தில் பாகம் என்று எழுதலாம். ரோட்டோரத்து இரண்டு செண்டை அவள் பேருக்கு எழுதலாம். உயில் என்ற கருவியின் அழகே இப்படி வளைந்து கொடுப்பதுதான். அந்த அழகை எடுத்துச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மகளுக்காக அதை வளைத்துப் பார்த்தவர் என் கண்ணில் நாலைந்து பேர்தான் பட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு மகன் கிடையாது.

சொத்தைப் பிரிப்பதில் நம் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் சொத்தை ஐந்தாகப் போட்டு, ஐந்தாவதைத் தர்மத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.ஜி. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த ஐந்தாம் பாகத்தில் முளைத்தவை. இல்லாத ஒரு பிள்ளைக்குப் பங்கு வைக்க வழி தெரிந்த மண். பெற்ற பெண்ணுக்கு என்று வரும்போது மட்டும் பூமி துண்டாகிவிடுகிறது.

உயில் இருந்தால் வழக்கு வராது என்ற பேச்சாவது உண்மையா? அந்த நாலு ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். அது அவர் அப்பாருவின் காலத்துக் குடும்பச் சொத்து, அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகி அவர் பங்குக்கு வந்தது. உயிலில் சுயார்ஜிதம் என்று அடித்திருந்தது. அப்படி அடித்துவிட்டால் ஆகிவிடுமா? அவர், மகன், மகள் என்று மூன்று பங்காளிகள்; அவர் உயில் எழுதக்கூடியது தம் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் ஒரு ஏக்கர் முப்பத்து மூன்று செண்ட்டை மட்டும். மகளுடைய பங்கு அவள் பிறந்தபோது வந்தது, அப்பன் கொடுத்ததில்லை, அப்பன் எடுக்கவும் முடியாது. அப்பாருவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்து 1956-க்குப் பிறகு வாரிசுரிமையாக வந்திருந்தால் கணக்கு வேறு, 1986-இல் சந்தர் சென் வழக்கு அப்படித்தான் சொல்கிறது. இந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மண்டபத்தில் சுயார்ஜிதமாக இருந்தால் என்று ஒரு வார்த்தை விழுந்ததோடு சரி. கேட்டவர்கள் காதில் செல்லும் என்பது மட்டும்தான் ஏறியிருக்கும்.

கோர்ட்டுக்குப் போனால் உயிலை நிரூபிக்க வேண்டியது அதனால் லாபம் அடைகிறவர்தான். சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட அளவுகோல்தான் இன்றும்: உயிலால் லாபம் அடைகிறவரே முன்னால் நின்று அதை எழுத வைத்திருந்தால், அந்தச் சந்தேகத்தை அவரேதான் போக்க வேண்டும். நம் ஊர் உயில்களில் அப்பனை டாக்டரிடம் கூட்டிப் போனது யார், எழுத்தருக்குப் பணம் கொடுத்தது யார், பதிவுக்குக் கார் ஓட்டியது யார் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வரும். இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் மண்டபத்துப் பேச்சாளரைப் போலாகிவிடுவேன்: இயற்கையான வாரிசை விலக்கியது ஒன்றை மட்டும் வைத்து உயிலைச் சந்தேகிக்கக் கூடாது என்றும் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆக, சொத்து நிஜமாகவே சுயார்ஜிதமாக இருந்து, எழுத்தும் கெட்டியாக இருந்தால், மகள் தோற்றுப் போவாள். எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

1956 சட்டத்தின் 30-ஆம் பிரிவில் இந்தச் சுதந்திரம் கடிவாளம் இல்லாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கையால் மகளைச் சம வாரிசாக்கிய சட்டம், மறுகையால் அதை ஒரு தாளில் அழித்துக்கொள்ள அப்பனுக்கு விட்டுவைத்தது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. நம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பின்பற்றும் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு மட்டும் கூட்டியும் எழுத முடியாது. மகளுக்கு மகனில் பாதி என்ற குறை அங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை அப்பன் பேனாவால் தொட முடியாது. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுப்போன சட்டப்படி பாதிச் சொத்து பிள்ளைகளுக்கு என்று பூட்டி வைக்கப்பட்டது, மீதிப் பாதியில்தான் உயில். அப்படி ஒரு பூட்டு நமக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அது வரும்வரை குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். மகளின் பங்கைக் குறைத்து எழுதுகிற அப்பன் அந்தப் பத்தியை அவளுக்கு உட்கார வைத்துப் படித்துக் காட்டட்டும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பொறந்தவளை உட்கார வைத்து இணைச்சீர் செய்யாமல் கல்யாணம் முடிக்காத சாதிகளுக்கு இது பெரிய காரியமா?

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கேட்டிருந்தார். "அம்மிணிக்குத் தெரியுங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா சங்கடப்படுமுங்க" என்றார். அப்படியானால் நான் வரவில்லை என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை, தாளை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனார். வேறு இரண்டு பேர் கிடைத்திருப்பார்கள்.

தை பிறக்கும் முன்னால் பாரியூர்க் கொண்டத்துக்கு அந்தப் பெண் குழந்தைகளோடு ஊருக்கு வந்திருந்தது. கோயில் பிரசாதம் கொடுக்க எங்கள் வீட்டுக்கும் வந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று கேட்டது: "ஏனுங் மாமா, அப்பா என்னமோ பத்திரம் எழுதறாருன்னு சொன்னாங்க. நா எங்காச்சும் வந்து கையெழுத்துப் போடோணுங்களா?"

வேண்டியதில்லை அம்மிணி என்றேன்.